துருவக் கடல்களில் எதை ஆய்வுக்கு எடுப்பது? ஐந்து கண்டத்திட்டுக் கடல்கள், ஓர் ஒப்பீடு

துருவக் கடல்களில் ஆய்வு செய்ய ஆசைப்பட்டு, எந்தக் கடலை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் தவிக்கும் மாணவர்கள் நிறையப் பேர். "பேரன்ட்ஸ் எடுக்கலாமா, அமுண்ட்சென் எடுக்கலாமா?" என்றுதான் கேள்வி வரும். பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும். கடலை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கேள்வியைப் பிறகு தேடும் வழக்கம் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. செய்தித்தாளில் அதிகம் அடிபடும் கடல்தான் முதலில் மனதில் நிற்கும் என்பதால் இந்த வழக்கம் பலரையும் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ஒப்பீட்டுக்கு முன் ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கண்டத்தின் ஓரம் கடலடியில் நீளும் பகுதிதான் கண்டத்திட்டு. ஆர்க்டிக் கண்டத்திட்டுகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. சுக்சி கடலில் பல இடங்களில் 50 மீட்டருக்குள் தரை தட்டிவிடும். அண்டார்டிக்கில் கதை வேறு. பனிப்படலத்தின் பாரம் அழுத்தியதாலும், பழைய பனியாறுகள் அடித்தரையைச் சுரண்டியதாலும் அங்கே திட்டின் ஆழம் சுமார் 500 மீட்டர் வரை போகிறது. பல இடங்களில் கரையை நெருங்க நெருங்க ஆழம் கூடவும் செய்யும். அதனால் ஆர்க்டிக்கில் மேற்பரப்பில் விளைவது சீக்கிரம் தரைக்குப் போய்ச் சேர்கிறது. அண்டார்டிக்கிலோ, வெளிக்கடலின் ஆழத்து வெதுநீர் திட்டின் மேல் ஏறிப் பனியின் அடிவரை புகுந்துவிடும். நீங்கள் எடுக்கப்போகும் கேள்வி இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

## முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றிலும் பெரியது தொடர்ச்சி. மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவரால் காலத்தொடர் எதையும் உருவாக்க முடியாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் வேறு யாரோ பல பத்தாண்டுகள் அளந்து வைத்ததை எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒன்று அந்தக் கடலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, அந்தத் தரவு கைக்கு வருமா என்பது. இருக்கிறது என்பதும் கிடைக்கும் என்பதும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது, சங்கிலி. நீரோட்டம், கடற்பனி, நுண்பாசி, கிரில் (இறால் போன்ற சிறு உயிரி) அல்லது மீன், பறவை, பாலூட்டி என்ற வரிசையில் எத்தனை கண்ணிகள் ஒரே கடலில் அளக்கப்பட்டிருக்கின்றன? இரண்டு கண்ணி மட்டும் இருந்தால் நடுவில் உள்ளதெல்லாம் ஊகம்.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தொடருக்கும் அது பார்க்காத மாதங்கள் உண்டு. அதைக் குருட்டுப் பருவம் என்றே இங்கே சொல்கிறேன். உங்கள் கேள்வி அந்த மாதங்களில் நடப்பதைப் பற்றியது என்றால், எவ்வளவு நீண்ட தொடராக இருந்தும் பயனில்லை.

கடைசியாக மறைசெலவு. பனியுடைப்புக் கப்பல் ஒரு நாள் ஓடப் பல்லாயிரம் டாலர் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செலவு, அதை மாணவர் கட்டப்போவதும் இல்லை. நான் சொல்வது அனுமதி, அரசியல், காத்திருப்பு, தொலைந்துபோகும் கருவி போன்றவற்றை.

## ஒரே பார்வையில்

முதல் இரண்டும் ஆர்க்டிக்கில், மற்ற மூன்றும் அண்டார்டிக்கில்.

| கடல் | நம்பக்கூடிய தொடர் | குருட்டுப் பருவம் | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பேரன்ட்ஸ் | கோலா வெட்டுக்கோடு 1900 முதல். கூட்டு அளவீடு 2004 முதல் | வசந்தப் பூப்பு (பாசிப் பெருக்கம்) | கிழக்குப் பாதியின் தரவு | மீன், உணவுவலை, புள்ளியியல் |
| சுக்சி, வடக்கு பெரிங் | பெரிங் நீரிணைக் கருவிகள் 1990 முதல் | குளிர்காலத்து உயிரியல், பனிக்கு அடி | மேற்குப் பாதி அனுமதி. வேட்டைப் பருவம் | அடித்தரை உயிரிகள் |
| அண்டார்டிக் தீபகற்பம் | பால்மர் 1990 முதல். ரொதேரா 1997 முதல் | திறந்த திட்டில் குளிர்காலம் | விலங்கு அனுமதி. நெரிசல் | கிரில், பென்குயின் |
| ராஸ் | பென்குயின் கணக்கெடுப்பு. உப்புத்தன்மை 1950கள் முதல் | குளிர்காலம் | மீன்பிடித் தரவின் ஒப்புதல் | அடர்நீர், பாதுகாப்புக் கொள்கை |
| அமுண்ட்சென் | 1994 முதல் துண்டுதுண்டாக | ஏறத்தாழ எல்லாமே | கருவி இழப்பு, கப்பல் இடம் | பனி-கடல் இயற்பியல் |

## பேரன்ட்ஸ் கடல்

சராசரியாக 230 மீட்டர் ஆழம். மேற்கு வாயில் வழியே வினாடிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் அட்லாண்டிக் நீர் உள்ளே வருகிறது. அதனால் தெற்குப் பாதி குளிர்காலத்திலும் உறைவதில்லை. வடக்கே ஆர்க்டிக் நீரும் கடற்பனியும். இரண்டும் முட்டும் துருவ முகப்புதான் இந்தக் கடலின் முதுகெலும்பு. ஆர்க்டிக்கில் குளிர்காலக் கடற்பனி மிக வேகமாகக் குறைந்துவரும் பகுதியும் இதுவே.

தொடர்ச்சியில் இதை அடிக்க ஆளில்லை. கிழக்குத் தீர்க்கரேகை 33 பாகை 30 கலையில் வடக்கு நோக்கிப் போகும் கோலா வெட்டுக்கோட்டில் (கப்பல்கள் திரும்பத் திரும்ப அளக்கும் நிலையான பாதை) 1900-லிருந்து வெப்பநிலை அளக்கப்படுகிறது. போர்க்காலங்களில் சில இடைவெளிகள் விழுந்தன, அவ்வளவுதான். 2004 முதல் நார்வேயும் ரஷ்யாவும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கடல் முழுவதையும் சேர்ந்து அளந்தன. நீர், மிதவை உயிரிகள், மீன், அடித்தரை, பறவை, திமிங்கிலம் எல்லாம் அதே பயணத்தில்.

இங்கே எப்படிப்பட்ட கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதற்கு கேப்லின் மீனின் கதையே சான்று. சிறிய, கொழுப்பு மிகுந்த மீன். காட், சீல், கடற்பறவை எல்லாவற்றுக்கும் அதுதான் தீனி. 1980களின் நடுவில் அந்தக் கூட்டம் சரிந்தது. காட் மீன்கள் வளர்ச்சி குன்றித் தம் குஞ்சுகளையே தின்றன. சீல்கள் கூட்டம் கூட்டமாக நார்வேக் கரைக்கு வந்தன. பியர் தீவில் கில்லிமாட் பறவைகளில் பெரும்பகுதி ஒரே குளிர்காலத்தில் இல்லாமல் போயிற்று. 1990களிலும் 2000களிலும் கேப்லின் மறுபடி சரிந்தது. ஆனால் பாதிப்பு முதல் தடவை அளவுக்கு இல்லை, வேறு இரை கிடைத்துவிட்டது. சரிவுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது, அட்லாண்டிக் நீரோடு உள்ளே வரும் இளம் ஹெர்ரிங் மீன்கள் கேப்லின் குஞ்சுகளைத் தின்பது. ஒரே கடலில் ஒரே நாடகம் மூன்று முறை நடந்து, மூன்று முறையும் அளக்கப்பட்டிருக்கிறது. சூழலியலில் இப்படி வாய்ப்பது அபூர்வம்.

இனி மறைசெலவு. கூட்டு அளவீடு இலையுதிர் காலத்தில் நடப்பதால் ஏப்ரல், மே மாதங்களின் வசந்தப் பூப்பு அதில் கிடையாது. 2018 முதல் 2023 வரை நடந்த நார்வேயின் நான்சென் மரபுத் திட்டம் துருவ இரவு உட்படப் பல பருவங்களில் கப்பல் விட்டது. அந்தத் தரவு இடைவெளியை ஓரளவு அடைக்கும். பெரிய சிக்கல் அரசியல். 2022-ல் பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றம் ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. மீன் ஒதுக்கீட்டுக்கான அறிவுரை இப்போது இரு நாட்டு நிபுணர் குழு வழியாக வருகிறது. கடலின் கிழக்குப் பாதி வேண்டும் என்று தொடங்கும் ஆய்வுத் திட்டத்தை இன்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று, இந்தக் கடலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். மொட்டையான கேள்வியோடு போனால் பத்து ஆண்டுகளுக்கு முன்பே யாரோ அதை முடித்து வைத்திருப்பார்கள்.

## சுக்சி கடலும் வடக்கு பெரிங்கும்

சுமார் 85 கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமும் கொண்ட பெரிங் நீரிணைதான் பசிபிக் நீர் ஆர்க்டிக்குக்குள் நுழையும் ஒரே வழி. 1990 முதல் ஏறத்தாழ இடைவிடாமல் அங்கே நங்கூரமிட்ட கருவிகள் அளக்கின்றன. நீரோட்டம் காலப்போக்கில் கூடியிருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வாயில் ஒன்றே என்பதால் உள்ளே வருவதைக் கணக்கிடுவது எளிது. இயற்பியல் மாணவருக்கு இதைவிடச் சுத்தமான எல்லை வேறெங்கும் கிடைக்காது.

உயிரியல் இன்னும் சுவையானது. ஊட்டம் நிறைந்த நீர் ஆழமில்லாத தரையின் மேல் பாய்கிறது. பாசி பெருகும் வேகத்துக்கு அதை மேய மிதவை விலங்குகள் போதாது. தின்னாத பாசி அப்படியே கீழே விழுகிறது. சேற்றில் சிப்பிகள், புழுக்கள், பொடி ஓட்டுயிரிகள் செழிக்கின்றன. வால்ரஸ் சிப்பியைத் தேடி மூழ்குகிறது, சாம்பல் திமிங்கிலம் சேற்றை வாய்நிறைய உறிஞ்சி வடிகட்டுகிறது. வால்ரஸுக்குக் கடற்பனி ஓய்விடம். ஆழமில்லாத திட்டின் மேல் பனி இருக்கும்வரை மூழ்குவதும் ஏறி இளைப்பாறுவதும் எளிது. பனி ஆழ்கடல் பக்கம் பின்வாங்கினால் கரையில்தான் கூட வேண்டும். அலாஸ்காவின் பாயின்ட் லே அருகே பல்லாயிரம் வால்ரஸ்கள் நெரிசலாகக் கிடக்கும் காட்சி அப்படி வந்ததே. பல நாட்டு ஆய்வாளர்கள் இதே சில இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் அளக்கும் பரவல் உயிரியல் ஆய்வு வலையம் 2010 முதல் இயங்குகிறது.

செயற்கைக்கோளை மட்டும் நம்பி வருபவர்கள் 2011-ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கோடையில் நாசா ஆதரவில் சுக்சி கடலுக்குப் போன ஆய்வுக் கப்பல், ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்பான பனிக்கு அடியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாசிப் பூப்பைக் கண்டது. உருகிய நீர் தேங்கிய குட்டைகள் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கியிருந்தது. வானிலிருந்து பார்த்தால் அங்கே பனி மட்டும்தான். கடல் நிறத்தை அளக்கும் செயற்கைக்கோளுக்குப் பனிக்கு அடியிலும் மேகத்துக்கு அடியிலும் எதுவும் தெரியாது, துருவ இரவிலும் தெரியாது. பனிப்பரப்பை அளக்கும் நுண்ணலைச் செயற்கைக்கோளுக்கு இருட்டும் மேகமும் பெரிய தடை இல்லை. அந்தத் தொடர் 1978 முதல் இருக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசாதீர்கள்.

தெற்கே பெரிங் கடலில் நடந்தது இன்னும் அதிர்ச்சி. 2018-ன் குளிர்காலக் கடற்பனி அதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது. பனி உருகி அடித்தரையில் தேங்கும் குளிர்நீர்க் குளம் அந்தக் கோடையில் ஏறத்தாழ இல்லை. 2 பாகை செல்சியசுக்குக் குறைந்த அந்த நீர்தான் காட் போன்ற பெரிய மீன்களை வடக்கே ஏறவிடாத வேலி. 2018 முதல் 2021-க்குள் அங்கே 1,000 கோடிக்கு மேற்பட்ட பனி நண்டுகள் மறைந்தன. 2022-ல் அலாஸ்கா அந்த நண்டுப் பிடிப்பை முதன்முறையாக மூடியது. நண்டுகள் வேறெங்கோ நகர்ந்திருக்கலாம் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வு பட்டினியைக் காட்டியது: வெப்பத்தில் உடல் அதிக உணவு கேட்டது, சிறிய பரப்பில் கூட்டமோ மிக அதிகம்.

மறைசெலவு இரண்டு. நீரிணையின் மேற்குப் பாதி ரஷ்ய எல்லைக்குள் இருக்கிறது. ஊட்டம் மிகுந்த அனடிர் நீர் அந்தப் பக்கம்தான் வருகிறது, அங்கே கருவி வைப்பது அனுமதியைப் பொறுத்தது. இன்னொன்றைச் செலவு என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. கரையோரப் பழங்குடி மக்களின் திமிங்கில, வால்ரஸ் வேட்டைப் பருவத்துக்கு ஏற்பக் கப்பல் அட்டவணை வளைய வேண்டும், ஊர்களோடு முன்கூட்டியே பேச வேண்டும். இதை முறையாகச் செய்தவர்களுக்குத் தரவோடு தலைமுறை தலைமுறையான பனி அறிவும் கிடைத்திருக்கிறது.

## மேற்கு அண்டார்டிக் தீபகற்பம்

கிரில் மேல் ஆர்வம் உள்ளவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம். அமெரிக்காவின் பால்மர் நிலையத்தை ஒட்டிய நீண்டகால ஆய்வு 1990-ல் தொடங்கியது. கோடைதோறும் கப்பல் அதே கட்டக் கோடுகளில் போய்வந்திருக்கிறது. தெற்கே ரொதேரா நிலையத்தில் 1997 முதல் ஆண்டு முழுவதும் அளவு எடுக்கிறார்கள். கோடையில் சிறு படகில் போகிறார்கள், குளிர்காலத்தில் பனியில் துளையிட்டுக் கருவியை இறக்குகிறார்கள். துருவத்தில் குளிர்காலத் தரவு எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். தரவும் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

தீபகற்பத்தின் மேற்கே ஆண்டுக் கடற்பனிக் காலம் 1979-க்குப் பின் முப்பது ஆண்டுகளில் சுமார் மூன்று மாதம் சுருங்கியது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியின் அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்டித் தின்று பிழைப்பவை. பனி போனால் என்ன ஆகும்? இதற்குப் பழைய சான்று ஒன்று, பென்குயின் வயிற்றிலிருந்து வந்தது. அடிலி பென்குயினின் இரையை மெல்லக் கக்க வைத்து, அதிலுள்ள கிரில்களின் நீளத்தை ஒவ்வொன்றாக மில்லிமீட்டரில் அளப்பார்கள். சில ஆண்டுகள் தட்டு முழுவதும் பெரிய கிரில்களாகவே இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் நீளம் கூடிக்கொண்டே போகும். திடீரென ஓர் ஆண்டு குட்டிகள் தட்டை நிறைக்கும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் நல்ல இளந்தலைமுறை தலையெடுக்கிறது என்பது அப்படித் தெரிந்தது. வலை இழுக்காமல் பறவையை வைத்தே கிரில்லின் வயதுக் கணக்கை எடுத்த வேலை இது. எனக்கு மிகப் பிடித்த துருவத் தரவும் இதுதான்.

பால்மர் நிலையத்தைச் சுற்றி அடிலி எண்ணிக்கை 1970களோடு ஒப்பிட்டால் 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டது. பனியை அவ்வளவாகச் சாராத ஜென்டூ பென்குயின்கள் 1990களில் குடியேறிப் பெருகின.

கொள்கைப் பக்கம் வேலை செய்ய விரும்புவோருக்கும் இதுவே இடம். தென் அட்லாண்டிக் பகுதியில் கிரில் பிடிப்புக்கு 56 லட்சம் டன் உச்சவரம்பு இருந்தாலும், நடைமுறையில் 6,20,000 டன்னே எல்லை. அந்த அளவைச் சிறு பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்த விதி 2024-ல் காலாவதியாயிற்று. பிடிப்பு கரையோரத்தில், பென்குயின் மேயும் இடத்திலேயே குவிந்தால் என்ன ஆகும் என்பது இப்போது உயிருள்ள கேள்வி.

பறவையையோ சீலையோ தொட வேண்டுமானால் உங்கள் நாட்டு அமைப்பிடம் அண்டார்டிக் சுற்றுச்சூழல் நெறிமுறையின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், முதலாண்டிலேயே தொடங்குங்கள். நெரிசலும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: தீபகற்பத்தில் கண்டதை அண்டார்டிக் முழுமைக்கும் நீட்டாதீர்கள். இங்கே பனி குறைந்த அதே ஆண்டுகளில் ராஸ் கடலில் பனி கூடியது.

## ராஸ் கடல்

டெரா நோவா விரிகுடாவில் பனிமேட்டிலிருந்து இறங்கும் காற்று கடற்பனியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உறைய உறைய உப்பு கீழே தங்கி, உலகின் மிக அடர்ந்த நீர்களில் ஒன்று உருவாகிறது. அது திட்டின் விளிம்பில் வழிந்து அடியாழ நீராகிறது. அடர்நீர் உருவாவதைப் படிக்க இதைவிட நல்ல இடம் குறைவு.

அந்த நீரின் உப்புத்தன்மை 1950களின் இறுதியிலிருந்து அரை நூற்றாண்டு குறைந்துகொண்டே வந்தது. கிழக்கே அமுண்ட்செனில் உருகும் பனியே காரணம் என்றார்கள். 2014-க்குப் பிறகு மளமளவென்று மீண்டும் ஏறியது. பத்து ஆண்டுத் தரவில் கோடு கிழித்துப் போக்கு சொல்ல நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கடல் பாதுகாப்புப் பகுதி 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர். காலம் 35 ஆண்டுகள். காப்பினால் என்ன பயன் என்று அளக்க நல்ல களம். ஆனால் டூத்ஃபிஷ் மீன்பிடித் தரவுக்கு, அதைத் தந்த நாடுகளின் ஒப்புதல் வேண்டும். அதை நம்பி முழு அத்தியாயத்தைத் திட்டமிட வேண்டாம்.

## அமுண்ட்சென் கடல்

எல்லோரும் கேட்கும் கடல். பைன் தீவுப் பனியாறும் த்வெய்ட்ஸும் இங்கேதான். ஆழத்துப் பள்ளங்கள் வழியே உறைநிலையைவிட 3 பாகைக்கு மேல் சூடான நீர் பனியின் அடிக்குப் போகிறது. உருகும் பனி இரும்புச்சத்தைக் கொண்டுவர, அமுண்ட்சென் பாலின்யாவில் (கடற்பனிக்கு நடுவே திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பு) பாசி அபாரமாகப் பூக்கிறது. கேள்வி பெரியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

தொடர் என்று பார்த்தால் மிகவும் ஒல்லி. பைன் தீவுப் பனித்தட்டின் (பனியாறு கடல்மேல் மிதந்து நீளும் பகுதி) முகப்பில் கப்பல் அளவு எடுக்கத் தொடங்கியதே 1994-ல்தான். பிறகும் கோடையில், அதுவும் சில ஆண்டுகளில் மட்டும். 2014-ல் சீல்களின் தலையில் ஒட்டிய கருவிகள்தான் குளிர்காலத்தைக் கொஞ்சம் காட்டின. ரோமம் உதிரும் காலத்தில் கருவியும் உதிர்ந்துவிடும். 2024 ஜனவரியில் டாட்சன் பனித்தட்டின் அடியில் போன தானியங்கி நீர்மூழ்கி ரான் திரும்பவே இல்லை. அதில் ஒரு மாணவரின் கடைசி அத்தியாயம் இருந்திருந்தால்? அமுண்ட்செனை எடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கப்பலும் இடமும் உறுதியான குழுவில் சேர்கிறீர்கள், அல்லது கணினி மாதிரியில் வேலை செய்கிறீர்கள் என்றால் துணிந்து போகலாம். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம் என்பேன்.

## அப்படியானால் யாருக்கு எது

கப்பல் ஏறாமல் இருக்கும் தரவை வைத்தே முடிக்க வேண்டியவருக்கு என் முதல் தேர்வு தீபகற்பம், மேற்கு பேரன்ட்ஸ் இரண்டாவது. மீனையும் மீனவரையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு இந்த வரிசை தலைகீழாகும். சேற்றில் கைவைக்கத் தயங்காதவர்களும் வெப்ப அதிர்ச்சி எப்படிக் கீழே இறங்குகிறது என்று தேடுபவர்களும் சுக்சிக்கும் பெரிங்குக்கும் போகட்டும். பறவைகளில் ஆர்வம் இருந்து, களத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்குச் செயற்கைக்கோள் படங்களே போதும். 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசென் கடலில் கடற்பனி முன்கூட்டியே உடைந்து, ஐந்து பேரரசப் பென்குயின் குடியிருப்புகளில் நான்கு குஞ்சுகளை மொத்தமாக இழந்தது விண்ணிலிருந்து எடுத்த படங்களில்தான் தெரிந்தது.

சைபீரியத் திட்டுகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. உலகிலேயே அகலமான கண்டத்திட்டு அங்கே இருந்தும், வெளியாருக்கு இன்று அங்கே கதவு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. வெட்டல் கடலையும் விட்டுவிட்டேன். 2021-ல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் இழுத்துச்சென்ற கேமராவில், சுமார் 500 மீட்டர் ஆழத்தில் வரிசை வரிசையாகப் பனிமீன் கூடுகள் தென்பட்டன. மதிப்பீடு சுமார் 6 கோடி கூடுகள். அப்படி ஒன்றைத் திட்டமிட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

எந்தக் கடலை எடுத்தாலும், சேருவதற்கு முன் அதன் முக்கியத் தொடரை இறக்கி ஒரு வரைபடமாவது போட்டுப் பாருங்கள். விளக்கக் குறிப்பில் வலைக்கண் அளவு எந்த ஆண்டு மாறியது, கப்பல் எந்த ஆண்டு மாறியது, பயணம் எந்த ஆண்டு சில வாரம் தள்ளிப்போனது என்று தேடுங்கள். அவை இல்லையென்றால் தரவைப் பராமரிப்பவருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதையும் கவனியுங்கள், அடுத்த நான்கு ஆண்டுகள் அவரோடுதான் கடிதப் போக்குவரத்து.